விபுலாநந்த அடிகள் யாழ் வாசித்தவரா? ஏழு நரம்பு யாழ் செய்யவும் கணக்குத் தேவை

கேள்வி: கல்முனை_ரீச்சர்

வணக்கம். யூலை 19 அடிகளாரின் நினைவு நாளுக்குப் பாடசாலையில் பேச்சும் சிறு கண்காட்சியும் வைக்கிறோம். இரண்டு விடயம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஒன்று, பேச்சுக்கு. பிள்ளைகள் எடுத்து வந்த குறிப்புகளில் ஒன்று அவரை "யாழைக் கண்டுபிடித்தவர்" என்கிறது, இன்னொன்று "சிறந்த யாழிசைக் கலைஞர்" என்கிறது. இதில் எது சரி? யாழை யாருக்காவது கற்பித்தாரா?

மற்றது, கண்காட்சிக்கு. ஒட்டுப்பலகையில் வெட்டி மயில் தலை ஒட்டின உருவம் வேண்டாம். ஏழு நரம்பு கட்டி, தொட்டால் பண் கேட்கிற யாழ் வேண்டும். ஊரில் ஓடாவி ஒருவர் செய்து தர ஆயத்தம். "வளைச்சுத் தாறன், ஆனா நரம்பெல்லாம் சேர்ந்து எவ்வளவு பாரம் இழுக்கும் எண்டு சொல்லுங்க" என்று கேட்கிறார். பதில் சொல்ல ஆள் இல்லை. மரம், அளவு, நரம்பு, சுருதி எல்லாவற்றுக்கும் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: சுவடிக்காரன்

ரீச்சர், இரண்டு குறிப்பும் பிழை. யாழ் சங்ககாலத்திலேயே பாணர் கையில் இருந்த கருவி. பிற்காலத்தில் வழக்கொழிந்து, வீணை அதன் இடத்துக்கு வந்தது. அடிகளார் செய்தது, பாட்டிலும் உரையிலும் சிதறிக் கிடந்த குறிப்புகளைச் சேர்த்து, அந்தக் கருவி எப்படி இருந்தது, எப்படிச் சுருதி சேர்ந்தது என்று கணக்கோடு நிறுவியது. மேடைக் கலைஞராக அவரைக் காட்ட வேண்டாம். 1947 யூன் 5, 6 ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அவர் எழுதிய யாழ் நூல் அரங்கேறியபோது, அவர் கணக்குப்படி செய்த முளரியாழ், சுருதிவீணை, பாரிசாதவீணை, சதுர்த்தண்டிவீணை ஆகியவற்றை ஏந்தி ஊர்வலமாகப் போனார்கள். அங்கே யாழை மீட்டிக் காட்டியவர் ஓர் இசைவாணர், அடிகளார் அல்லர். அந்த அரங்கேற்றத்துக்குப் பின் ஆறு வாரம் சென்று யூலை 19இல் அவர் சமாதியடைந்தார். பேச்சில் வேறு எதைக் குறைத்தாலும் இந்த இரண்டு தேதியையும் அருகருகே சொல்லுங்கள்.

கற்பித்தாரா என்று கேட்டீர்கள். அவர் ஆசிரியர் என்பது மட்டும் முழு உண்மை. 1892 மார்ச் 27 காரைதீவில் பிறந்தவர், இயற்பெயர் மயில்வாகனம். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் 1916 என்ற ஒரே ஆண்டில். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் இலண்டன் பி.எஸ்சி., அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் சேர்ந்து, 1924இல் துறவு. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் 1931, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் 1943.

இந்த வரிசையில் விஞ்ஞானத்தையும் பண்டிதப் பட்டத்தையும் பிள்ளைகள் தனித்தனி வரியாக ஒப்பித்துவிட்டுப் போகக்கூடாது. யாழ் நூல் பிறந்ததே அவை இரண்டும் ஒருவரிடம் கூடியதால்தான். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் 25 அடிகளின் விரிவுரையாகத்தான் அந்தப் பெருநூல் அமைந்திருக்கிறது. வெறும் புலவருக்கு அந்த அடிகள் அருஞ்சொல், வெறும் விஞ்ஞானிக்கு அவை விளங்கா. நரம்பின் நீளம், இழுவை, அதிர்வெண் மூன்றும் தெரிந்த பண்டிதருக்கு அவை செய்முறைக் குறிப்பு.

நூலின் இயல்கள் ஏழு: பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். உங்கள் ஓடாவிக்கு இரண்டாவது, சுருதி சேர்ப்பவருக்கு மூன்றாவதும் நான்காவதும். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை அவர் நீரரமகளிர் என்று பாடி வைத்ததையும் அந்த நூலில் காணலாம். நம்மூர்ப் பிள்ளைகள் பேச நல்ல இடம் அது.

அடிக்கடி நடக்கிற பிழைகள்: காரைதீவு இன்று அம்பாறை மாவட்டம். 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது, அவர் பிறந்தபோது மட்டக்களப்பு. சமாதி இருப்பது கல்லடியில், காரைதீவில் அல்ல. பெயரை "விபுலானந்தர்" என்று பதாகையில் போடுகிறார்கள், ஆநந்தம் என்ற ந-வோடு எழுதுவதே அவர் வழக்கம். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரில் இயங்குவதையும் மரபுரிமைப் பகுதியில் சேருங்கள்.


பதில் 2: மரமும்_தோலும்

ஓடாவி கேட்டது சரியான கேள்வி. விடையை முதலே சொல்லிவிடுகிறேன்: ஏழு நரம்பும் சேர்ந்து ஏறக்குறைய 34 கிலோ. கீழே கொடுப்பது நைலோன் நரம்புக்குப் போட்ட கணக்கு, பழைய நூலின் அளவு என்று எழுதிவிடாதீர்கள்.

பழந்தமிழின் ஏழு சுரங்களில் முதலாவதான குரலை 240 ஹேர்ட்ஸில் வையுங்கள், எண்கள் பெரும்பாலும் முழுதாக வரும். நரம்புக்கு 0.8 மில்லிமீற்றர் தங்கூசி (மீன்பிடி நைலோன் இழை), எல்லாம் ஒரே தடிப்பு. ஒலிக்கும் நீளம், அதாவது தோலிலிருந்து கோட்டில் (வளைந்த தண்டில்) கட்டும் இடம் வரை: குரல் 60 சென்ரிமீற்றர், துத்தம் 53.3, கைக்கிளை 48, உழை 45, இளி 40, விளரி 36, தாரம் 33.75. அதிர்வெண் அதே வரிசையில் 240, 270, 300, 320, 360, 400, 426.7. இந்த நீளங்களில் ஒவ்வொரு நரம்பும் 4.8 கிலோவுக்குச் சற்று மேலே இழுக்கும். எல்லா விரலுக்கும் ஒரே விறைப்பு, பிள்ளைகளுக்கு அதுதான் சுகம்.

"தடிச்ச தங்கூசி போட்டால் அறாது" என்று யாராவது சொல்வார்கள். நீளமும் சுரமும் மாறாதபோது தடிப்பைக் கூட்டினால் இழுவையும் நரம்பின் வலுவும் ஒரே அளவில் கூடும், அறும் எல்லை நகராது. 1 மில்லிமீற்றர் போட்டால் ஒலி கொஞ்சம் கூடும், ஆனால் மொத்தப் பாரம் 53 கிலோ. கோடு அதைத் தாங்குமா என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

மரம். பழைய உரைகள் கோட்டுக்குக் கொன்றையும் கருங்காலியும், பத்தருக்கு (குடைந்த ஒலிப்பெட்டிக்கு) குமிழும் முருக்கும் தணக்கும் சொல்கின்றன. வளைகிற கோட்டுக்கு வைரம், அதிர்கிற பத்தருக்கு மென்மரம், அதுதான் நியாயம். கருங்காலியை விடுங்கள், வெட்டவே கூடாது. கோட்டுக்குக் கொன்றை கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் இயற்கையாக வளைந்த பூவரசங் கொம்பு. நேர்ப்பலகையில் வளைவாக அறுத்தெடுப்பதுதான் மிகப் பெரிய பிழை. நார் குறுக்கே அறுபட்டு, பாரம் ஏறிய சில நாளில் வளைவின் நடுவில் வெடிக்கும். வளைந்த கொம்பு அகப்படாவிட்டால் 4 மில்லிமீற்றர்ப் பட்டிகளாகச் சீவி, அச்சில் வளைத்து, பத்துப் பட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டலாம். அடியில் 40 மில்லிமீற்றர் தடிப்பு, நுனியில் 25.

பத்தருக்கு முள்முருக்கு வேலிகளிலேயே நிற்கிறது, குடைவதும் இலகு. பச்சை மரத்தில் குடைந்தால் காயும்போது பிளக்கும். ஆகவே பருமட்டாகக் குடைந்து, இரு முனைக்கும் மெழுகு பூசி, நிழலில் காயவிட்டுப் பிறகு முடிவான தடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். 60 நீளம், 16 அகலம், 12 ஆழம், எல்லாம் சென்ரிமீற்றர். சுவர் 8 மில்லிமீற்றர், கோடு நுழையும் முனையில் மட்டும் 5 சென்ரிமீற்றர் கட்டையாக விடவும். பழையவர்கள் விலக்கச் சொன்ன மரங்கள்: நீரில் நின்றது, அழுகியது, வெந்தது, இடி விழுந்தது, நோய் கொண்டது. மரக்காலைக்குப் போகும்போது இந்தப் பட்டியலோடு போகலாம், ஒன்றும் பழசாகவில்லை.

கோடு பத்தரோடு சேரும் மூட்டில்தான் 34 கிலோவும் வந்து நிற்கும். பசையை மட்டும் நம்பினால் திறந்துகொள்ளும். கோட்டின் அடியை 15 சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, குறுக்கே இரண்டு மர ஆணி அறைந்து, பிறகு பசை.

தோல். ஆட்டுத்தோலை ஓரிரவு ஊறவைத்து, ஈரமாக இழுத்து ஆணி அடித்து, நிழலில் இரண்டு நாள். வெயிலில் வைத்தால் ஆணி வாயிலிருந்து கிழியும். மேளத்துக்குத் தோல் கட்டுபவர்களிடம் கொடுப்பது நல்லது. நரம்பைத் தோலில் கட்டவே கூடாது. தோலுக்கு அடியில் நடுவாக ஒரு மூங்கிற் சலாகை, 12 மில்லிமீற்றர் அகலம், 8 தடிப்பு, இரு முனையும் பத்தரின் விளிம்பில் பொருந்தி நிற்க வேண்டும். நரம்பு தோலைத் துளைத்துச் சலாகையில் முடிச்சிடப்படும். 4 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை. தோலில் ஓரமாக 15 மில்லிமீற்றர் அளவில் நாலு ஒலித்துளை. பர்மிய வில்யாழில் இன்றும் இந்த அமைப்பைக் காணலாம்.

தங்கூசி முடிச்சு வலைக்காரருக்குத் தெரிந்ததுதான், ஐந்து சுற்றுச் சுற்றித் தலைப்பை உள்ளே விடுவது. சாதாரண முடிச்சு வழுகும்.

கோட்டில் கட்ட இரண்டு வழி. பழைய வழி திவவு, பருத்திக் கயிற்றை வளையலாகச் சுற்றி, அதை முறுக்கிச் சுருதி கூட்டுவது. பொருநராற்றுப்படை இதைப் பெண்ணின் முன்கைத் தொடிக்கு ஒப்பிடுகிறது. அழகுதான். ஆனால் வழுகும், குங்கிலியப் பொடி தேய்த்தால் கொஞ்சம் பிடிக்கும், மெழுகு தேய்த்தால் கெட்டது. கண்காட்சிக்குப் புளியங் கட்டையில் கூம்பான முறுக்காணி ஏழு செதுக்கிப் போடுங்கள். திவவை அலங்காரமாகச் சுற்றலாம், குற்றமில்லை.


கல்முனை_ரீச்சர்:

மிக்க நன்றி. 34 கிலோ என்றதும் ஓடாவி "அப்ப மூட்டுக்கு முதிரை ஆணிதான்" என்று சொல்லிவிட்டார். இரண்டு சந்தேகம். தங்கூசியை உருளையில் இருந்து அப்படியே வெட்டிப் போடலாமா? சுருதியைக் கீபோட் பார்த்துச் சேர்த்தால் போதுமா, போனில் இருக்கிற சுருதிமானி வேண்டுமா?


பதில் 3: இளிக்கிரமம்

உருளையில் இருந்து வருவது சுருண்ட நினைவோடு வரும். நரம்புக்குச் சொன்ன பழைய குற்றம் நான்கு: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. தங்கூசியில் புரி இல்லை, மற்ற மூன்றும் வேறு வடிவில் உண்டு. விரல் நகத்தால் முழு நீளமும் தடவிப் பாருங்கள், கீறலோ மடிப்போ தட்டுப்பட்டால் அந்தத் துண்டைக் கழியுங்கள். ஓரிடத்தில் தடிப்பு மாறினாலும் அந்த நரம்பு ஒருபோதும் சுத்தமாகப் பேசாது. வெட்டியதை ஒரு நாள் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் போகும். கட்டிய பின்னும் ஐந்தாறு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே 19ஆம் திகதிக்கு 12ஆம் திகதியாவது நரம்பேற்றிவிடுங்கள்.

கீபோட் வேண்டாம். அதில் கைக்கிளையும் விளரியும் கூர்மையாக இருக்கும், காரணம் கீழே.

சுரங்களின் இடைவெளியை அளக்கும் சிற்றளவுதான் அலகு. அதன் வரிசை 4, 4, 3, 2, 4, 3, 2. ஒவ்வொரு எண்ணும் அந்த நரம்பு முந்திய நரம்பிலிருந்து ஏறும் அளவு. குரலிலிருந்து துத்தம் 4, பிறகு கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. குரலுக்குரிய 4 தாரத்திலிருந்து மேற்குரலுக்கு. மொத்தம் 22. விகிதமாகச் சொன்னால் 4 அலகு 9/8, 3 அலகு 10/9, 2 அலகு 16/15. பதில் 2இல் உள்ள நீளங்களை இதை வைத்துச் சரிபார்க்கலாம். 60ஐ 9/8ஆல் வகுத்தால் 53.3, அதை 10/9ஆல் வகுத்தால் 48.

நரம்பு பிறக்கும் முறையும் மரபில் உண்டு: தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. ஒவ்வொன்றும் 13 அலகு ஏற்றம். இதை அப்படியே காதால் கோத்துக்கொண்டு போனால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே உள்ள 22 அலகுக் கணக்கில் துத்தத்துக்கும் விளரிக்கும் இடையே 12 அலகுதான் உண்டு. அதை 13 ஆக்கிச் சேர்த்தால் விளரி 400க்குப் பதில் 405இலும், கைக்கிளை 300க்குப் பதில் 303.75இலும் நிற்கும். குரலோடு கைக்கிளையைச் சேர்த்துத் தொட்டால் துடிக்கும். "மரம் சரியில்லை" என்று ஓடாவியைக் குறை சொல்வார்கள், பாவம்.

நடைமுறை வரிசை இது. குரலை 240இல் நிறுத்துங்கள். குரலுக்கு இளி. இளியிலிருந்து கீழே நாலாம் நரம்பாகத் துத்தம். மறுபடி குரலிலிருந்து மேலே நாலாவது, அதாவது நட்பு நரம்பு, உழை. உழைக்கு நட்பு தாரம். கைக்கிளையைக் குரலோடு நேரே சேருங்கள், கைக்கிளைக்கு நட்பு விளரி. துத்தத்திலிருந்து விளரிக்குப் போகவே வேண்டாம்.

இந்த யாழில் ஒரு வசதி. எல்லா நரம்பும் ஒரே தடிப்பு, ஒரே இழுவை என்பதால், ஒரே நீளத் துண்டு எந்த நரம்பிலும் ஒரே சுரம். தோலிலிருந்து 12 சென்ரிமீற்றரில் குரல் நரம்பை விரலால் இலேசாகத் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணி போல ஒரு மேற்சுரம் வரும், 60இல் ஐந்தில் ஒன்று. கைக்கிளையிலும் அதே 12இல் தொட்டால் அதே சுரம், 48இல் நாலில் ஒன்று. இரண்டும் ஒன்றாகும்வரை கைக்கிளையைத் திருப்புங்கள். இளிக்கு இரண்டிலும் 20இல், உழைக்கு இரண்டிலும் 15இல். இந்த மூன்று தூரத்தையும் ஒரு மட்டக்கோலில் குறித்துக் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சேர்த்துவிடும். விஞ்ஞானப் பாடத்துக்கும் ஆச்சு.

சுருதிமானிதான் வேண்டும் என்றால் குரலைப் பூச்சியமாக வைத்து, அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த அளவில், கைக்கிளை 14 குறைவு, விளரி 16 குறைவு, தாரம் 4 குறைவு, துத்தம் 4 கூட, இளி 2 கூட, உழை 2 குறைவு என்று நிறுத்துங்கள்.

முதல்முறை ஏற்றும்போது ஒரு நரம்பை முழுச் சுருதிக்குக் கொண்டுபோய்விட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொன்று ஏற ஏறக் கோடு உள்ளே வளையும், முன்பு ஏற்றியவை இறங்கும். எல்லாவற்றையும் பாதிக்கு, பிறகு முக்காலுக்கு, பிறகு முழுதுக்கு. ஆகக் குறைந்தது மூன்று சுற்று.

இப்படிச் சேர்த்தால் கிடைப்பது செம்பாலை என்னும் பழைய சுரவரிசை, இன்றைய அரிகாம்போதி இராகம். குரலை மாற்றாமல் தாரத்தை மட்டும் 450க்கு ஏற்றினால் அரும்பாலை, சங்கராபரணம். தாரத்தைத் திருப்பி இறக்கி, கைக்கிளையை 284க்குக் கொண்டுவந்தால் கோடிப்பாலை, கரகரப்பிரியா. அலகுக் கணக்கில் இன்னும் ஓரிரு நரம்பு ஓரலகு அசையும், சபையில் கேட்பவருக்கு அது தெரியாது. மேற்செம்பாலையாகிய கல்யாணிக்கு உழையும் தாரமும் இரண்டுமே ஏற வேண்டும். மேடையில் நின்றுகொண்டு அதைச் செய்யாதீர்கள்.


பதில் 4: வில்யாழ்

மேலே உள்ளவற்றோடு உடன்பாடுதான், ஒன்றைத் தவிர. அலகு 22 என்பதை எல்லோரும் ஏற்ற முடிவு போலச் சொல்லிவிட்டீர்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வந்த கருணாமிர்த சாகரத்தில் 24 என்று நிறுவுகிறார். அடிகளார் 22இல் நிற்கிறார். பிள்ளைகள் பேச்சில் இந்த வேறுபாட்டைச் சொன்னால் கேட்கிற இசை ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், மறைத்தால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

கருவியின் அருகே வைக்கும் அட்டையில் "சங்ககால யாழ்" என்று போட வேண்டாம். அந்தக் காலத்து யாழ் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. கிடைப்பது பாட்டு, உரை, அமராவதி போன்ற இடங்களின் சிற்பம். "ஏழு நரம்பு வில்வடிவ யாழ், செம்பாலைச் சுருதி" என்பது போதும். பக்கத்தில் பொருநராற்றுப்படை உவமைகளை உறுப்போடு கோடிட்டுக் காட்டுங்கள்: பத்தர் மானின் குளம்படி போல நடுவில் பிளவுபட்டு உயர்ந்தது, ஆணி வளை நண்டின் கண் போன்றது, வறுவாய் எட்டாம் நாள் பிறை, மருப்பு (கோடு) படமெடுத்த பாம்பு, நரம்பு குற்றிய தினையரிசி போல ஒழுங்கானது. வாவிக் கரைப் பிள்ளைகளுக்கு நண்டுக் கண்ணை விளக்கத் தேவையில்லை. நரம்பெண்ணும் எழுதலாம்: பேரியாழ் 21, மகரயாழ் 19 (17 என்பாரும் உண்டு), சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7. அரங்கேற்று காதையின் யாழ் பதினான்கு நரம்பு கொண்டது.

வாசிப்பது. வீணையில் உள்ள மெட்டுக் கட்டைகள் யாழில் இல்லை, ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணை படித்த பிள்ளை முதலில் சுரத்தை அசைக்கும் கமகத்துக்காக இடது கையால் நரம்பை இழுக்கும், கோடு அசைந்து எல்லாச் சுருதியும் போகும். அதைத் தடுக்கவும். பத்தரை மடியில் வைத்து, கோடு இடப்பக்கம், வலக்கை விரல்கள் நரம்பின் நடுப்பகுதியில். தோலுக்கு மிக அருகில் மீட்டினால் ஒலி தகரம் போலிருக்கும். சிலப்பதிகாரத்தின் எட்டு இசைக்கரணங்களில் (மீட்டும் முறைகளில்) வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் நான்கும் ஒரு வாரப் பயிற்சிக்குப் போதும். உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை பிறகு பார்க்கலாம். ஏழு நரம்பில் மேற்குரல் இல்லை என்பதை மறக்க வேண்டாம், குரலுக்கும் தாரத்துக்கும் உள்ளே அடங்குகிற பாட்டாகத் தெரிவு செய்யுங்கள்.

யூலை என்பதால் இன்னொன்று. கச்சான் வீசும் காலம், காலையில் சேர்த்த தோல் மத்தியானத்துக்குள் இறுகிச் சுருதி ஏறிவிடும். மாரியில் நேர்மாறு, தோல் தளர்ந்து இறங்கும். மண்டபத்திலேயே, விசிறி ஓடும்போதே, நிகழ்ச்சிக்கு அரைமணிக்கு முன் கடைசியாகச் சேருங்கள். மாலை முடிந்ததும் எல்லா நரம்பையும் ஒரு சுரம் இறக்கி வையுங்கள். இல்லையென்றால் விடுமுறை முடிந்து அலுமாரியைத் திறக்கும்போது கோடு உள்ளே சாய்ந்திருக்கும்.


கல்முனை_ரீச்சர்:

எல்லாவற்றையும் ஓடாவிக்கு வாசித்துக் காட்டினேன். வளைந்த பூவரசங் கொம்பு ஒன்று காரைதீவுப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறாராம். பத்தருக்கு முள்முருக்கு பச்சையாகத்தான் கிடைக்கும் போலிருக்கிறது, காய எவ்வளவு நாள் வேண்டும்?


மரமும்_தோலும்:

பருமட்டாகக் குடைந்த பிறகு ஆறு வாரமாவது. அவ்வளவு நாள் இல்லையென்றால் பச்சை மரத்தில் கைவைக்காதீர்கள், மரக்காலையில் காய்ந்த பலாப் பலகை வாங்கிப் பெட்டியாகச் சேர்த்து, அடியை மட்டும் வளைவாகச் சீவுங்கள். பாரம் கூடும், ஒலி ஒரு சொட்டுக் குறையும், பிளக்காது.